கோட்டுக்கு இந்தப் பக்கம்

அந்தப் பையன் இன்றைக்கு இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவன் அம்மாவுக்கு அது தெரியும், உள்ளே இருக்கிற பேச்சுப் பயிற்சி சுகந்தி மிஸ்ஸுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும், ஆனால் முதலில் கவனித்தது நான்தான், அவர்கள் படியேறி வரும்போதே கவனித்துவிட்டேன், ஏனென்றால் வாராவாரம் அவன் குரல் கீழே கேட்கிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். எக்கா நாங்க வந்துட்டோம் என்று கீழ்ப்படியிலிருந்தே கத்துவான். நான்கு வயதுப் பயல். பஸ்ஸில் ஆடு ஏறியது, கண்டக்டர் இறக்கிவிட்டார், ஆட்டுக்கு டிக்கெட் கிடையாது என்று மேலே வந்து சேருவதற்குள் முழுக்கதையும் சொல்லி முடித்துவிடுவான், காது கேட்காமல் பிறந்த பிள்ளை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். என் மகள் அபிஷாவுக்கு ஐந்து முடிந்துவிட்டது. பூ என்று மிஸ் சொன்னால் பூ என்பாள். அப்பா என்று நான் நூறு தடவை சொன்னால் ப்பா என்பாள். தானாக, யாரும் சொல்லிக் கொடுக்காமல், அவளுக்கே தோன்றி ஒரு சொல் இதுவரை வந்ததில்லை. அதனால் இன்றைக்கு இசக்கிராஜா வாயை மூடிக்கொண்டு அம்மா சேலையைப் பிடித்தபடி படியேறி வந்தபோது எனக்குள் ஏதோ குளிர்ந்தது. அதை என்னவென்று சொல்வது. சந்தோஷம் என்று சொல்லக்கூடாது. நான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் கோயிலில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள், நான் கெட்டவள் இல்லை, ஆனால் அது சந்தோஷம்தான். அவன் தலையைப் பார்த்தேன், உடனே காரணம் தெரிந்துவிட்டது. தலைக்குள் ஆபரேஷன் செய்து ஒரு பாகம் வைத்திருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் வெளியே, அதிலிருந்து ஒரு சின்ன ஒயர், ஒயரின் நுனியில் வட்டமாக ஒரு காயில், அது காந்தம் மாதிரி மண்டையில் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் மெஷினில் ஒரு பச்சைப் பொட்டு மினுங்கும். அவனுடையதில் மினுங்கவில்லை. அபிஷாவுடையதில் மினுங்கிக்கொண்டிருந்தது. ஒருநாளாவது, ஒரே ஒருநாளாவது, என் பிள்ளைக்குக் கேட்கிறது அவனுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன், நினைத்ததும் ஆண்டவரே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

இன்றைக்குப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிற நாள், அதனால் அம்மாக்களை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, பெஞ்சில் நானும் பேச்சியம்மாளும். பேச்சி. பேரிலேயே பேச்சு இருக்கிறது, அவள் பிள்ளை பேசாமல் என்ன செய்வான் என்று போன வருஷம் ஒருநாள் நினைத்தேன், அப்புறம் அந்த நினைப்பு வாரத்துக்கு ஒருதடவை தானாக வந்து போகிறது, பாட்டில் ஒரு வரி நாக்கில் ஒட்டிக்கொள்கிற மாதிரி. ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஊர், இரண்டு பஸ் மாறிப் பாளையங்கோட்டை வரவேண்டும், அவள்மேல் பீடிப் புகையிலை வாசம் அடிக்கும், குளித்துவிட்டு வந்தாலும் விரலில் இருக்கும். ஒயரு போயிட்டுதுக்கா, என்றாள், நான் கேட்காமலே. பத்து நாளாச்சு, போன வாரம் அதான் வரல. ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்துருக்கு. சப்ளை வரட்டும் தாரோம்னு சொல்லுதாவ. நான் அப்படியா என்றேன். வீட்ல ஒரே அழிச்சாட்டியம்க்கா, தட்ட விட்டு எறியுதான், என்னையக் கடிச்சு வச்சுட்டான், இன்னா பாருங்க. முழங்கைக்கு மேலே பல் பதிந்து நீலமாக இருந்தது. கேட்டுப் பழகினவன் கேட்காமல் போனால் அப்படித்தான் இருக்கும், கேட்காமலே இருந்ததைவிட அது கொடுமை என்று மிஸ் ஒருமுறை சொன்னார். ஐயோ பாவம் என்றேன். சொல்லும்போதே மடியில் இருந்த பையை இன்னும் கொஞ்சம் இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டேன், கை தானாக அப்படிச் செய்தது, நான் சொல்லிச் செய்யவில்லை. பைக்குள் நீல நிறத்தில் ஒரு சின்ன உறை, அதற்குள் இன்னும் பிரிக்காத ஒயர் ஒன்று. காசு கொடுத்து வாங்கினவர்களுக்கு மெஷினோடு அதிகப்படியாகத் தருவார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சாம்பல் நிறம். அதுவே எனக்கு எத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்தது. நாங்கள் மனையை விற்று வாங்கினதும் அவளுக்குச் சும்மா வந்ததும் ஒன்றேதான் என்பது. மட்டமானதாகக் கொடுத்திருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன், ஒரு பிள்ளையின் தலைக்குள் வைக்கிற சாமானைப் பற்றி அப்படி நினைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் குக்கர் விசிலுக்கு அபிஷா திரும்பவில்லை என்று முதலில் சொன்னதும் நான்தான். அத்தான், அபிஷாவின் அப்பா, நம்பவில்லை, விளையாட்டு மும்முரம் என்றார். அதற்குப் பிறகு ஸ்பூனைத் தட்டி, கதவைச் சாத்தி, பட்டாசு வெடித்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று நான் அழுதுகொண்டே கைதட்டினது, அவள் பாட்டுக்குப் பொம்மைக்குத் தலை சீவினது. அப்புறம் காது பரிசோதனை முகாம் நடந்தது, அங்கேதான் பேச்சியை முதலில் பார்த்தேன், இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, எனக்கு முன்னால் நின்றாள். அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கா என்று கேட்டார்கள். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான், அந்தப் பக்கம் போய் உட்காரும்மா என்றார்கள், அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். எங்களிடம் அட்டை இல்லை. விண்ணப்பித்தபோது கிராம நிர்வாக அலுவலர் வருமானத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, சார் சம்பளம் மட்டும்னா ஆயிருக்கும், டீச்சர் சம்பளத்தையும் சேத்தா வருமானக் கோட்டுக்கு மேல போயிருதே என்றார். டீச்சர் சம்பளம். நர்சரிப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு நான் வாங்கின சம்பளம், சேலைக்கும் ஆட்டோவுக்கும் போக மிஞ்சாத சம்பளம், அது என் பிள்ளையின் காதை அடைத்துவிட்டது. அதைச் சேக்காம எழுதிருங்க, யாருக்குத் தெரியப் போவுது என்றான் என் அண்ணன். அத்தான் முடியாது என்றுவிட்டார். ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற மனுஷன், பொய்யாக ஒரு வரி எழுத மாட்டார். நான் அன்றைக்கு அவர் காலில் விழாத குறை. இல்ல எப்சி, வேற வழி பாப்போம் என்றார். வேறு வழி என்பது நாசரேத்தில் அப்பா விட்டுப்போன மனை, அதை விற்க அண்ணன் கையெழுத்து வேண்டும், அண்ணன் விலை ஏறட்டும் என்றான், ஆடி போகட்டும் என்றான், அண்ணிக்கு மனசில்லை என்றான். வயசுதாம்மா முக்கியம், சீக்கிரம் வாங்க, சின்னப் பிள்ளையா இருக்கும்போதே மூளை சத்தத்தைப் பிடிச்சுக்கும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். இசக்கிராஜாவுக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்னால் ஆபரேஷன் ஆகிவிட்டது. அபிஷாவுக்கு ஆனபோது நாலேகால். அதற்குப் பிறகு தினமும் பயிற்சி என்றதால் நான் வேலையை விட்டுவிட்டேன். இப்போது அந்தச் சம்பளம் இல்லை, இப்போது கேட்டால் நாங்களும் கோட்டுக்குக் கீழேதான் இருப்போம், சிரிப்பு வருகிறது, அட்டைகூடக் கொடுப்பார்கள், ஆனால் போன வருஷங்களைக் கொடுப்பார்களா. ராஜாவுக்கு முதன்முதலாக மெஷினைப் போட்டுச் சத்தம் கேட்க வைத்த நாளில் நான் அபிஷாவோடு விசாரிக்க வந்திருந்தேன். அவன் பயந்து அலறினான், பேச்சி சிரித்துக்கொண்டே அழுதாள், கீழே போய் பூந்தி வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தாள், எனக்கும் கையில் வைத்தாள். தின்றேன். வாய் முழுக்கத் தித்தித்தது, விழுங்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நின்றபாடில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பாடு, டிவியில் நாலு பேர் உட்கார்ந்து இதே காப்பீட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கறித்துண்டைக் கடித்தபடி, வரி கட்டுறவன் ஒருத்தன், வைத்தியம் பாக்குறவன் இன்னொருத்தன், நம்ம எப்சி புள்ளைக்கு ஒரு பைசா வந்துச்சா, பீடி சுத்துறவ புள்ளைக்கு அம்புட்டும் சும்மா, என்றான். அத்தான் மெதுவாகத்தான் பேசுவார். மச்சான், கோடு போட்டதே தப்புன்னு சொல்லுங்க, நானும் சொல்லுதேன். புள்ளைக்குக் காது கேக்கலன்னா அப்பன் சம்பளம் எம்புட்டுன்னா கேக்கணும், எல்லாப் புள்ளைக்கும் குடுக்கணும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குற பொம்பளைய எதுக்குத் திட்டுதிய, அவளா கோடு போட்டா? அண்ணன் சிரித்தான். எல்லாருக்கும் குடுக்க காசு எங்கேருந்து வரும் மாப்ள, ஒங்க ஜவுளிக்கடைல இருந்தா? எல்லாரும் சிரித்தார்கள். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அத்தான் சொன்னதுதான் நியாயம் என்று எனக்குத் தெரியும், ஆனால் அண்ணன் பேசப் பேச எனக்கு இதமாக இருந்தது, வீங்கின இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி. பேசு, இன்னும் பேசு என்று இருந்தது. கையெழுத்துப் போட ஒன்றரை வருஷம் இழுத்தவன் அவன், ஏன் அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏன் அத்தனையும் ஆலங்குளத்து பஸ்ஸில் ஏறிப் போய் அவள்மேல் விழுகிறது. அண்ணன்மேல் கோபப்பட்டால் அண்ணன் வீடு இல்லாமல் போய்விடும். அத்தான்மேல் கோபப்பட்டால் நான் எங்கே போவேன். பேச்சிமேல் பட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அன்று இரவு அத்தான் தூங்கிவிட்டார், படுத்ததும் தூங்குகிற மனுஷன், அவர் முதுகைப் பார்த்தபடி கிடந்தேன். அவரைப் பார்த்தும் பொறாமையாக இருந்தது. அதே மகள், அதே ப்பா, அவருக்கு மட்டும் எப்படி இன்னொரு பிள்ளை பேசுவதைக் கேட்டால் சந்தோஷப்பட முடிகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுகந்தி மிஸ் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு ஆ என்கிறார். எனக்குச் சத்தம் வரவில்லை, ஆனால் கழுத்து அசைவதை வைத்து இது ஆ, இது ஈ, இது ஷ் என்று எனக்குத் தெரியும். கேட்டால் பிள்ளை ஒரு மணியை எடுத்து டப்பாவில் போடவேண்டும். அபிஷா போட்டாள். இன்னொன்று போட்டாள். நல்ல பிள்ளை, என் தங்கம். ராஜா மணியைக் கன்னத்தில் ஒட்ட வைத்துக்கொண்டு மிஸ்ஸின் முகத்தையே பார்க்கிறான், எப்போது போடவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை, ஒருதடவை குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு மிஸ் தலையாட்டுகிறாரா என்று பார்த்தான். அவர் ஆட்டவில்லை. பக்கத்தில் பேச்சி மூச்சை இழுத்தாள். கொடுத்துவிடு. கை பையின் ஜிப்பில்தான் இருக்கிறது. கொடுத்துவிட்டு நாளைக்கு நம்முடையது அறுந்துபோனால். கடையில் கிடைக்காது, சொல்லி வரவழைக்க எத்தனை நாளோ, அதுவரை அபிஷா தட்டை விட்டெறிந்தால். பேச்சி பத்து நாள்தான் பொறுத்தாள், நான் ஒன்றரை வருஷம் பொறுத்தேன், எனக்கு யார் கொடுத்தார்கள். அவளுக்குத்தான் அரசாங்கம் இருக்கிறதே, எனக்கு இந்த உறையில் இருக்கிற ஒன்றுதான். இப்படி நினைத்தால் சரியாக இருக்கிறது, ஒவ்வொன்றும் நியாயமாக இருக்கிறது, எல்லா நியாயமும் சேர்ந்த பிறகு பார்த்தால் ஒரு பொடிப்பயல் மணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இன்னும் ஒரு வாரம் போகட்டுமே. அபிஷா ஒரு வாரம் முன்னால் போகட்டுமே. ஒரு வாரத்தில் எங்கே போய்விடப் போகிறாள், அவன் ஓடின தூரம் எங்கே, இவள் நகருகிற தூரம் எங்கே. மேலே இருந்து ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பிள்ளைகளுக்கு நானே பாட்டில் சொல்லிக் கொடுக்கிறேன். இதற்குத் தண்டனையாக அவள் கடைசிவரை பேசாமலே போய்விட்டால்.

அபிஷா டப்பாவைத் தள்ளிவிட்டு ராஜா பக்கம் நகர்ந்தாள். அவன் வாயைப் பார்த்தாள். விரலால் அவன் உதட்டைத் தொட்டாள், அவன் பேசுவான் என்று காத்திருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது, காலையிலிருந்து அவளும் காத்திருந்திருக்கிறாள். அவன் கையைத் தட்டிவிட்டான். அவள் அவன் தலையிலிருந்த காயிலைப் பிடுங்கிக் கீழே போட்டாள், தன் தலையிலிருந்த காயிலைக் கழற்றினாள், கழற்றி அவன் மண்டையில் வைத்தாள். ஒட்டிக்கொண்டது, ஆனால் அவளுக்கென்று பதிந்த மெஷின் அவனுக்கு வேலை செய்யாது. அவள் மெஷின் அவள் காதிலும் காயில் அவன் தலையிலுமாக, ஒயர் இழுபட்டு இரண்டு தலையும் முட்டிக்கொள்ளும்படி நெருங்கி உட்கார்ந்து, அவன் பேசட்டும் என்று அவன் வாயையே பார்த்தாள். அவளுக்கு இப்போது ஒன்றும் கேட்காது. அவன் பேசினாலும் கேட்காது. அது அவளுக்குத் தெரியாது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அப்பிடிச் செய்யக்கூடாதும்மா, என்று மிஸ் சொல்லிக்கொண்டிருந்தார், நான் அபிஷாவின் காயிலைப் பிடுங்கி அவள் தலையில் வைத்து அழுத்தினேன், அவள் வலித்து முகத்தைச் சுளித்தாள். இவனுக்காகக் கழற்றுகிறாயா. மனையை விற்று, வேலையை விட்டு, உன் தலைக்குள் நாங்கள் வைத்த சத்தத்தை இவனுக்காகக் கழற்றுவாயா. ஒருநாளாவது என் வாயை இப்படிப் பார்த்திருக்கிறாயா. ஜிப்பைத் திறந்து, உறையைக் கிழித்து, ஒயரை மேசைமேல் போட்டேன். இத மாட்டுங்க மிஸ். இரக்கத்தில் கொடுக்கவில்லை. யாரும் அப்படி நினைக்க வேண்டாம். என் பிள்ளை இனி அவனுக்காக எதையும் கழற்றக்கூடாது என்றுதான் கொடுத்தேன்.

மிஸ் மாட்டினார். பச்சைப் பொட்டு மினுங்கியது. ராஜா ஃபேனை நிமிர்ந்து பார்த்தான், ஃபேனு கத்துது என்றான். அப்புறம் நிறுத்தவில்லை. அம்மா ஃபேனு கத்துது, அபிசா மணியக் கொட்டிட்டா, நான் கொட்டல, மிஸ்ஸு நான் கொட்டல. அபிஷா சிரித்தாள். அவன் தோளில் தட்டி, ஆசா என்றாள். மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். ராசான்னு சொல்லுதா, என்றார் மெதுவாக, நான் சொல்லிக் குடுக்கல. எனக்குக் கேட்டது. அவள் தானாகச் சொன்ன முதல் சொல் அம்மா இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன், கண்ணீர் வந்தது, எதற்கு வந்தது என்று கேட்டால் பாதி சந்தோஷம் பாதி மற்றது, எது எந்தப் பாதி என்று பிரிக்க முடியவில்லை. பேச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கும்பிடவில்லை, கையைப் பிடிக்கவில்லை, நான் அதை எதிர்பார்த்தேன், அவள் செய்யவில்லை. ஒங்ககிட்ட இருக்குன்னு தெரியும்க்கா, என்றாள். திறந்து கிடந்த பையை மூடினேன். போன மாசம் பேட்டரி மாத்த பையத் தொறந்திய, பாத்தேன். இன்னைக்கிக் கேட்டுறணும்னுதான் பஸ்ஸுல நெனச்சுட்டே வந்தேன். ஒங்க மொவத்தப் பாத்ததும் வாய் வரல. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். என் முகத்தில் அது எழுதியே இருந்திருக்கிறது, அவள் எத்தனை நாளாகப் படித்துக்கொண்டிருந்தாளோ. சப்ளை வந்ததும் புதுசு ஒங்களுக்குத் தந்துருதேன், என்றாள். அப்புறம், எனக்கும் அப்பிடித்தான்க்கா இருக்கும், என்றாள். என்ன இருக்கும் என்றேன். ஒங்களப் பாத்தா. ஒண்ணு அத்துப் போனா எடுத்து மாட்ட இன்னொண்ணு பையில வச்சிருக்கிய. நான் எழுதிக் குடுத்துட்டு வாரவன் போறவன் மொவத்தையெல்லாம் பாத்துக் கெடக்கணும். வயித்தெரிச்சலாத்தான் இருக்கும். குழந்தைக்குச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். என்னைப் பார்த்தா, என்றேன். ஆமாக்கா, என்றாள். வேற, என்று கேட்டேன், எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன். அவள் யோசித்தாள். ஒங்க வீட்டு அண்ணாச்சி மாசத்துல ஒருநா ஒங்ககூட வாராவ. புள்ளையத் தோள்ல தூக்கிட்டு படி எறங்குதாவ. ராசா அப்பா திருப்பூருக்குப் போயி ஒரு வருசமாச்சு, அவன் பேசுததப் போனுலதான் கேட்டுருக்காவ. பேட்டரி வாங்கச் சொன்னா போன வச்சிருவாவ. சொல்லிவிட்டு அவள் கண்ணாடியைப் பார்த்தாள், உள்ளே ராஜா வாய் ஓயவில்லை, அபிஷா அவன் வாயைப் பார்த்தபடி இருந்தாள். நீங்க சொல்லுங்க, என்றாள் பேச்சி, ஒங்களுக்கு என்னத்துக்கு வயித்தெரிச்சல்? பெஞ்சில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தேன். என்னிடம் அவளைவிட நிறைய இருந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன், பூந்தியிலிருந்து ஆரம்பித்தேன்.